பூஜ்யம் என்று சொல்லும் மருத்துவமனை

ஒரு மருத்துவமனை, போன ஆண்டு எங்கள் ஐசியூவில் யாருக்குமே தொற்று வரவில்லை என்கிறது. இன்னொன்று, 12 பேருக்கு வந்தது என்று ஒப்புக்கொள்கிறது. எதில் போய்ப் படுப்பீர்கள்?

அவசரப்பட வேண்டாம். முதல் மருத்துவமனை தேடிப் பார்க்கவே இல்லையோ என்னவோ. காய்ச்சல் வந்தவரின் ரத்தத்தை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பாமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் ஏற்றிவிட்டால், ரத்தத்தில் கிருமி இருந்ததற்குப் பதிவே இருக்காது. தேடாதவர் கணக்கில் எப்போதும் பூஜ்யம்தான்.

முதலில், எது மருத்துவமனையில் வந்த தொற்று? நோயாளி வரும்போதே கிருமியைச் சுமந்து வந்திருக்கலாம் இல்லையா? அதனால் பொதுவாக ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்: சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டினால் அது இங்கே வந்தது. அறுவை செய்த இடத்தில் வரும் தொற்றுக்கு இந்தக் கோடு போதாது. வீட்டுக்குப் போன பிறகும், பெரும்பாலும் 30 நாள் வரை, கவனிக்க வேண்டும். உள்ளே செயற்கை மூட்டு போன்றவை பொருத்தியிருந்தால் இன்னும் நீளும்.

கிருமிக்குப் பிடித்த வழி குழாய்கள். நம் தோலும் உடலின் மற்ற இயற்கைத் தடுப்புகளும் நல்ல மதில்சுவர். சிறுநீர் வடியப் போடும் குழாயும், கழுத்து போன்ற இடங்கள் வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் செல்லும் சென்ட்ரல் லைனும், வென்டிலேட்டர் குழாயும் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே போகின்றன. குழாயின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டு, வழவழப்பான படலத்தைச் சுரந்து அதற்குள் குடியேறிவிடும். அந்தப் படலத்துக்குள் இருப்பவற்றை ஆன்டிபயாடிக்கால் ஒழிப்பது கடினம். அதனால் பல நேரம் குழாயையே எடுத்தாக வேண்டும்.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து என்பதால், கணக்கையும் நாளை வைத்தே போடுகிறார்கள். ஐசியூவில் இன்று பத்துப் பேருக்கு சென்ட்ரல் லைன் இருந்தால் அது 10 குழாய் நாட்கள். 6000 குழாய் நாட்களில் 12 தொற்று என்றால் ஆயிரத்துக்கு 2. சின்ன மருத்துவமனையில் 500 நாட்களில் 3 என்றால் ஆயிரத்துக்கு 6. எண்ணிக்கையில் குறைந்தது விகிதத்தில் மும்மடங்கு.

எண்ணிப் பார்ப்பதால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய சாட்சி வியன்னா. அங்கே ஒரே மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள். 1846-இல் மருத்துவர்களும் மாணவர்களும் இருந்த பிரிவில் நூற்றுக்குச் சுமார் 11 தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் 3 பேருக்கும் குறைவு. அங்கே மருத்துவராக இருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் அந்த இடைவெளியை விடாமல் துருவினார். மாணவர்கள் பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். 1847 மே மாதம் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் 2 சதவீதத்தை ஒட்டி இறங்கியது. கிருமிகளால் நோய் வருகிறது என்ற கொள்கை அப்போது வேரூன்றவே இல்லை. அவர் கையில் இருந்தது கணக்கு மட்டும்தான்.

கை கழுவுவது இன்றும் முதல் பாடம். ஆனால் ஆல்கஹால் தேய்த்தால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கக் கூடாது. கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகள் அதற்குச் சாகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி அகற்ற வேண்டும்.

சரி, எண்ணியதை வெளியே சொல்வது? இங்கேதான் சிக்கல். தொற்று அதிகம் என்று மருத்துவமனைக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்தால், எண்ணுகிறவரின் கண் மங்கத் தொடங்கும். சந்தேகமான கேஸ்கள் 'வரும்போதே இருந்தது' என்ற பெட்டிக்குள் போகும். கடும் நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனை, லேசான நோயாளிகளை மட்டும் பார்ப்பதைவிட மோசமாகத் தெரியும். அதற்குத்தான், இப்படிப்பட்ட பிரிவில் எத்தனை தொற்று எதிர்பார்க்கலாம் என்று கணித்து, உண்மையில் வந்ததை அதோடு ஒப்பிடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த ஒப்பீடு இல்லாமல் வெளியிடும் பட்டியலைப் பார்ப்பதே வீண்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுச் சொச்சம் ஐசியூக்கள் சேர்ந்து செய்த முயற்சி 2006-இல் வெளியானது. சென்ட்ரல் லைன் போடும்போது ஐந்தே விதிகள்: கை கழுவு, நோயாளியை முழுக்க மூடு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைத் துடை, முடிந்தவரை தொடை வழியாகப் போடாதே, தேவை முடிந்ததும் எடு. யாராவது தவறினால் பாதியிலேயே நிறுத்தலாம். தொடக்கத்தில் ஆயிரம் குழாய் நாளுக்கு 2.7 ஆக இருந்த இடைநிலை விகிதம் (ஐசியூக்களை விகித வரிசையில் அடுக்கினால் நடுவில் நிற்பது) மூன்று மாதத்தில் பூஜ்யமானது.

இந்தப் பூஜ்யத்தை நான் நம்புகிறேன். குழாய் போட்டவர்கள் அதை எண்ணவில்லை. அந்த ஐசியூ ஊழியர்களைச் சேராத தொற்றுக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் எண்ணினார்கள்.