அரட்டையும் அளவளாவலும்

மதுரையிலிருந்து சென்னைக்குப் பகல் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிரே இருந்தவர் ஊர், பேர் எதுவும் எனக்குத் தெரியாது. திண்டுக்கல் தாண்டியதும் வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். புளியோதரை. "எலுமிச்சஞ்சாதம் கட்டுனா மத்தியானத்துக்குள்ள ஊசிப்போயிடும். பயணத்துக்குப் புளிச்சோறுதான் சரி, இல்லீங்களா?" என்றார். நான் எலுமிச்சை பக்கம் நின்றேன். பேச்சு அங்கிருந்து சினிமாப் பாட்டுக்குத் தாவி, இளையராஜாவா ரகுமானா என்று விழுப்புரம் வரை நீண்டது. தாம்பரத்தில் "வர்றேன் சார்" என்று இறங்கிப் போனார். கடைசிவரை பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் "ஒருத்தரோட அரட்டை அடிச்சிட்டே வந்தேன்" என்றேன். சொன்ன பிறகு அந்தச் சொல் உறுத்தியது.

ஆங்கிலத்தில் இதற்குச் 'சாட்' என்கிறார்கள். பறவைகள் விடாமல் கீச்சிடும் ஒலியைப் போலச் செய்து பிறந்தது 'சாட்டர்'. அதன் குறுக்கமே சாட். தமிழில் அதற்கு ஈடாக அரட்டை நிலைத்துவிட்டது. 2021இல் ஜோஹோ நிறுவனம் தன் செயலிக்கு அந்தப் பெயரையே வைத்ததால் தமிழ் தெரியாதவர் வாயிலும் இன்று அது புழங்குகிறது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் சொல்லின் உடம்பைப் பாருங்கள். சுருள், சுருட்டு, சுருட்டை என்று வருவதுபோல அரள், அரட்டு, அரட்டை என்று வருகிறது. அரள்வது அஞ்சுவது, 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பதில் இருப்பது அந்த அரள்தான். அரட்டுவது அஞ்சவைப்பது, அதட்டுவது. அந்தச் சத்தத்தின் சாயல் இன்னும் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "அங்க என்ன அரட்டை?" என்று வகுப்பில் ஆசிரியர் கேட்டால் அது பாராட்டு இல்லையே.

வம்பளத்தல் என்றும் ஒரு சொல் உண்டு. வம்பு என்றால் பழந்தமிழில் புதுமை, நிலையின்மை. பருவம் தவறிப் பெய்யும் மழை வம்பமாரி. ஊருக்குப் புதிதாய் வரும் வழிப்போக்கர் வம்பலர். முன்பின் தெரியாதவரோடு பேசும் பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. என்ன செய்வது, இன்று வம்பு என்றாலே புறணியும் சண்டையும்தான். ஈழத்தில் 'கதைத்தல்' என்பார்கள், கொங்கில் 'பழமை பேசுதல்' என்பார்கள். இரண்டிலும் குற்றஞ்சாட்டும் தொனி இல்லை. அந்தந்த மண்ணில் அவை அப்படியே வாழட்டும்.

பொதுத்தமிழுக்கு என் தேர்வு அளவளாவல். அளவு, அளாவு இரண்டும் சேர்ந்தது. அளாவுதல் என்றால் கலத்தல், துழாவுதல். 'சிறுகை அளாவிய கூழ்' என்கிறார் வள்ளுவர். குழந்தை பிஞ்சு விரல்களை விட்டுக் கூழைத் துழாவும் அதே வினைதான் இது. இன்னொரு குறள்:

அளவளாவு இல்லாதான் வாழ்க்கை குளவளாக்
கோடின்றி நீர்நிறைந் தற்று.

கோடு என்பது கரை. கரையில்லாத குளத்தில் நீர் வரும், நிற்காது. மனம் கலந்து பழகாதவன் வாழ்வும் அப்படித்தான். பரிமேலழகர் இதற்கு 'நெஞ்சு கலத்தல்' என்றே உரை எழுதுகிறார்.

குறள் இருப்பது சுற்றந்தழால் அதிகாரத்தில். அங்கே பேச்சு உறவினரைப் பற்றியது, வழிப்போக்கருக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். சொல் அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. 'அமைச்சர் மாணவர்களுடன் அளவளாவினார்' என்று நாளிதழில் படிக்கிறோம். அந்த மாணவர்கள் அவருக்கு உறவா? எனக்கு வருத்தம் வேறு. இத்தனை அழகான சொல்லைச் செய்திக் குறிப்புக்கு மட்டும் கொடுத்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் பேப்பரைத் தாள் தாளாய்ப் பிரித்துக்கொண்டு நேற்றைய படத்தைப் பற்றிப் பேசும் இருவருக்கு அதை மறுத்துவிட்டோம். கூழில் கைவிட்ட குழந்தையிடமிருந்து வந்த சொல் அவர்களுக்கு எப்படிப் பெரிதாகும்?

வினைக்கு அளவளாவு, பெயருக்கு அளவளாவல். சத்தமும் கும்மாளமுமான நண்பர் கூட்டத்துக்கு அரட்டை இருக்கட்டும். ரயிலில் வந்த அந்தப் புளியோதரைக்காரரோடு நான் அளவளாவிக்கொண்டு வந்தேன்.