சீஃப் ஆஃப் ஸ்டாஃப்: தமிழில் என்ன சொல்வது?

அமெரிக்காவில் புதிய அதிபர் வரும்போதெல்லாம் நம் செய்திகளில் 'சீஃப் ஆஃப் ஸ்டாஃப்' என்ற பதவியின் பெயர் தடுமாறும். ஒரு நாளிதழ் 'வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி' என்று போடும், இன்னொன்று 'தலைமைப் பணியாளர்' என்று போடும், தொலைக்காட்சியில் கீழே ஓடும் வரியில் 'அதிபரின் உதவியாளர்' என்று வரும், இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையை எடுத்தால் 'பணிக்குழாம் பிரதானி' என்று இருக்கும். நான்கும் ஒரே ஆளைத்தான் சொல்கின்றன. ஆனால் படிப்பவருக்கு நான்கு வேறு ஆட்கள் போலத் தெரியும். இதில் 'தலைமைப் பணியாளர்' என்பதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அதைப் படித்தால் சமையல், தோட்டம், துப்புரவு வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளர் நினைவுக்கு வருகிறார். உண்மையில் அந்த நாற்காலியில் இருப்பவர் வாஷிங்டனில் பல அமைச்சர்களைவிட அதிகாரம் கூடியவர்.

சரி, அவர் என்னதான் செய்கிறார்? அதிபரை யார் பார்க்கலாம், எந்தக் கோப்பு அவர் மேசைக்குப் போகலாம், எது இன்னும் அலசப்பட வேண்டும் என்று முடிவு செய்கிறார். அதிபர் எடுத்த முடிவு நடந்ததா என்று பின்னால் போய்ப் பார்க்கிறார். நாடாளுமன்றத் தலைவர்களோடு பேரம் பேசுகிறார். அதிபரிடம் 'இது வேண்டாம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லக் கடமைப்பட்டவரும் அவர்தான். இத்தனைக்கும் அமெரிக்க அரசியலமைப்பில் இப்படி ஒரு பதவியே கிடையாது. அமைச்சர்களை நியமிக்க செனட் ஒப்புதல் வேண்டும், இவருக்கு அது வேண்டாம். அதிபர் விரும்பினால் இன்றைக்கு வருவார், விரும்பாவிட்டால் நாளைக்குப் போவார்.

இப்போது சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஸ்டாஃப்' என்றால் முதலில் கம்பு, கோல். அதிகாரத்தின் அடையாளமாகக் கையில் பிடிக்கும் கோலும் அதுதான். ஜெர்மன் மொழியில் 'ஷ்டாப்' என்பதும் கோல்தான். தளபதியின் கோலுக்குக் கீழே அவரைச் சுற்றியிருந்து திட்டம் போட்டு, வரைபடம் பார்த்து, கட்டளை எழுதி அனுப்பும் அதிகாரிகளின் கூட்டத்துக்கும் அந்தப் பெயரே வந்து ஒட்டிக்கொண்டது. செங்கோல் என்ற சொல்லை ஆட்சிக்கே பெயராக்கி வைத்திருக்கும் நமக்கு இந்த நகர்வு புரியாததல்ல. கடை ஊழியர், பள்ளி ஆசிரியர், அலுவலகப் பணியாளர் என்று எல்லோரையும் 'ஸ்டாஃப்' என்று சொல்வது அப்புறம் வந்த பழக்கம். நம் மொழிபெயர்ப்புகள் சறுக்குவது இங்கேதான்: பதவியின் பெயரில் இருப்பது ராணுவ ஸ்டாஃப், நாம் எடுத்துக்கொள்வது அலுவலக ஸ்டாஃப்.

அந்த ராணுவப் பொருள் எப்படிப்பட்டது என்பதற்கு நெப்போலியனின் பெர்த்தியேவைப் பார்த்தால் போதும். 1796ஆம் ஆண்டின் இத்தாலியப் படையெடுப்பிலிருந்து பல ஆண்டுகள் நெப்போலியனுக்கு வலக்கையாக இருந்தவர். நெப்போலியன் வேகவேகமாக வாயால் சொல்வதை, எந்தப் படைப்பிரிவு எந்தச் சாலையில் எப்போது கிளம்ப வேண்டும் என்று தெளிவான எழுத்தாக்கி, எல்லாத் தளபதிகளுக்கும் போய்ச் சேரவைப்பது அவர் வேலை. 1815இல் அவர் நெப்போலியனோடு இல்லை, ஜூன் முதல் நாள் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் ஒரு ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துபோனார். அதே மாதம் நடந்த வாட்டர்லூ போரில் அந்த இடத்தில் இருந்தவர் மார்ஷல் சூல். நல்ல போர்வீரர், ஆனால் இந்த வேலைக்குப் பழகாதவர். அன்று கட்டளைகள் குழம்பியும் தாமதமாகியும் போனதைப் போர் வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் தோல்வியின் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். தலைவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவன் சொல்லைச் செயலாக்கும் ஆள் சரியில்லையென்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அமெரிக்க அதிபர்களுக்கு ஆரம்பத்தில் இப்படி யாரும் கிடையாது. மகனையோ உறவுக்காரரையோ அந்தரங்கச் செயலாளராக வைத்துக்கொள்வார்கள், சம்பளமும் சொந்தப் பணம்தான். ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு மனைவியின் சகோதரர் மகன் டொனல்சன் அந்த வேலையைப் பார்த்தார். 1857இல்தான் நாடாளுமன்றம் ஒரு செயலாளருக்கு ஆண்டுக்கு 2,500 டாலர் சம்பளம் ஒதுக்கியது. லிங்கனுக்கு இரண்டு இளைஞர்கள், நிக்கலே, ஹே. ஒதுக்கீடு ஒருவருக்குத்தான் என்பதால் ஜான் ஹேயை உள்துறையில் எழுத்தராகக் கணக்குக் காட்டி வெள்ளை மாளிகையில் வேலை வாங்கினார்கள். உள்நாட்டுப் போரை நடத்திய அதிபரின் அலுவலகம் அவ்வளவு சின்னது.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அரசு வீங்கியதும் இது தாங்கவில்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அமைத்த பிரவுன்லோ குழு 1937இல் கொடுத்த அறிக்கையின் சாரம் ஒரே வரி: அதிபருக்கு உதவி தேவை. அதன் விளைவாக 1939இல் அதிபரின் நிர்வாக அலுவலகம் உருவானது. 1942 ஜூலையில் ரூஸ்வெல்ட், அட்மிரல் வில்லியம் லெஹியைப் படைகளின் தலைவர் என்ற முறையில் தமக்குச் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் ஆக்கினார். ராணுவச் சொல் அதிபரின் பெயரோடு சேர்ந்தது அப்படித்தான், ஆனால் அதுவும் போர் சம்பந்தப்பட்ட பதவிதான்.

அந்த ராணுவ முறையை அரசியல் வேலைக்குள் கொண்டுவந்தவர், ராணுவத் தளபதியாக இருந்து அதிபரான ஐசனோவர். இரண்டாம் உலகப் போரில் வால்ட்டர் பெடல் ஸ்மித்தைத் தம் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக வைத்து வேலை வாங்கியவர், போருக்குப்பின் தாமே ராணுவத்தின் சீஃப் ஆஃப் ஸ்டாஃப் பதவியில் இருந்தவர். வெள்ளை மாளிகைக்கு வந்ததும் அப்படி ஒருவர் இல்லாமல் அவரால் வேலை செய்ய முடியாது என்பது இயல்புதானே. நியூ ஹாம்ப்ஷயர் முன்னாள் ஆளுநர் ஷெர்மன் ஆடம்ஸை அழைத்துக்கொண்டார். அவருடைய அதிகாரபூர்வப் பெயர் 'அதிபரின் உதவியாளர்' என்பதுதான், வேலை மட்டும் முழுக்க இந்த வேலை. தொலைபேசியில் வணக்கமும் சொல்ல மாட்டார், வைக்கும்போது ஒரு வார்த்தையும் பேச மாட்டார் என்று பெயரெடுத்தவர். கடைசியில் ஒரு பாஸ்டன் துணி ஆலை முதலாளியிடம் வாங்கிய விகுன்யா கம்பளிக் கோட்டும் மற்ற பரிசுகளும் வெளியே தெரிந்து 1958இல் பதவி போனது.

அதிபர் நிக்சனிடம் ஹால்டமன் வந்த பிறகுதான் இந்தப் பதவி இன்றைய உருவத்துக்கு வந்தது. விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். அவர் வைத்த விதி இது: எந்தக் குறிப்பும் நேராக அதிபரிடம் போகக்கூடாது, சம்பந்தப்பட்ட எல்லாருடைய கருத்தும் சேர்ந்த பிறகே போக வேண்டும். யாரும் பக்கவாட்டில் நுழைந்து அதிபரின் காதைக் கடித்துத் தங்கள் காரியத்தைச் சாதித்துக்கொண்டு போகக்கூடாது. கட்சி எதுவானாலும் அவருக்குப்பின் வந்த பலரும் இந்த முறையைத்தான் பின்பற்றினார்கள். ஆனால் அதே ஹால்டமன்தான் 1972 ஜூன் 23 அன்று அதிபரின் அறையில் உட்கார்ந்து, வாட்டர்கேட் விசாரணையை (எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்த வழக்கு) எஃப்.பி.ஐ. நிறுத்திக்கொள்ள சி.ஐ.ஏ.வை விட்டுச் சொல்லவைக்கலாம் என்று நிக்சனோடு பேசினார். அந்த உரையாடலும் அறையில் இருந்த ஒலிப்பதிவுக் கருவியில் பதிவானது. அந்தக் கருவியை 1971இல் பொருத்த ஏற்பாடு செய்தவர் ஹால்டமனின் துணை அதிகாரி. 1974 ஆகஸ்டில் நாடா வெளியானதும் சில நாட்களில் நிக்சன் பதவி விலகினார், ஹால்டமன் பிறகு 18 மாதம் சிறையில் இருந்தார். முறையை அவ்வளவு ஒழுங்காகக் கட்டிய ஆள், அதிபரிடம் 'கூடாது' என்று சொல்ல வேண்டிய ஒரு நாளில் சொல்லவில்லை. இந்தப் பதவியின் கதையில் என்னை மிகவும் வருத்துவது அதுதான்.

அந்தக் கசப்பில் ஜெரால்ட் ஃபோர்டு வேறு வழியில் போனார். அதிபர் நடுவில் இருப்பார், எட்டு ஒன்பது பேர் சக்கரத்தின் ஆரக்கால்கள் மாதிரி நேராக அவரிடம் வருவார்கள், தனியாக ஒரு தலைவர் தேவையில்லை என்பது கணக்கு. கென்னடியும் ஏறக்குறைய அப்படித்தான் நடத்தினார். ஃபோர்டுக்குச் சில வாரங்களிலேயே மூச்சு முட்டி, டொனால்ட் ரம்ஸ்ஃபெல்டைக் கூப்பிட்டார். அவருக்குப்பின் 1975இல் டிக் செனி, அப்போது வயது 34. செனி கிளம்பும்போது அவரோடு வேலை செய்தவர்கள் ஒரு சைக்கிள் சக்கரத்தைப் பரிசாகக் கொடுத்தார்கள், ஒரே ஒரு கம்பி தவிர மற்ற எல்லாம் வளைந்து நொறுங்கிய சக்கரம். செனி அதை அடுத்து வருகிற கார்ட்டரின் ஆட்களுக்கு எச்சரிக்கையாக விட்டுவிட்டுப் போனார். கார்ட்டர் கேட்கவில்லை. இரண்டரை ஆண்டுகள் ஆரக்கால் முறையில் தள்ளிப் பார்த்துவிட்டு 1979 ஜூலையில்தான் ஹாமில்ட்டன் ஜோர்டனை நியமித்தார்.

ரீகன் செய்தது இதற்கு நேர்மாறு. 1980இல் தமக்கு எதிராக ஜார்ஜ் புஷ்ஷின் பிரசாரத்தை நடத்திய ஜேம்ஸ் பேக்கரையே கூப்பிட்டு உட்காரவைத்தார். இந்தப் பதவிக்கு வந்தவர்களில் மிகச் சிறந்தவர் என்று பேக்கரைத்தான் பலரும் சொல்கிறார்கள், எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை. பேக்கர் 1985இல் கருவூல அமைச்சர் டொனால்ட் ரீகனோடு நாற்காலியை மாற்றிக்கொண்டார். பெயர் ஒரே மாதிரி ஒலித்தாலும் அதிபருக்கு உறவில்லை. இந்த ரீகன் தம்மை ஒரு முதன்மை அமைச்சர் போல நினைத்துக்கொண்டார், அதிபரின் மனைவி நான்சியோடும் மோதினார். 1987இல் தமக்குப் பதிலாக ஹோவர்ட் பேக்கர் வருகிறார் என்ற செய்தி சி.என்.என். மூலம் தெரியவந்ததும் ஒரே வரியில் விலகல் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முப்பது ஆண்டு கழித்து, 2017 ஜூலையில் ரைன்ஸ் ப்ரீபஸுக்குப் பதிலாக ஜான் கெல்லி வருகிறார் என்பதை டிரம்ப் ட்விட்டரில் அறிவித்தார். இந்த நாற்காலியின் நிலைமை அப்படி.

இதே நாற்காலியின் இன்னொரு முகம் 2001 செப்டம்பர் 11 அன்று தெரிந்தது. ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பறையில் குழந்தைகள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் உட்கார்ந்திருக்கிறார். அப்போது இந்தப் பதவியில் இருந்த ஆண்ட்ரூ கார்ட் பின்னாலிருந்து வந்து குனிந்து, இரண்டாவது கோபுரத்தில் இரண்டாவது விமானம் மோதிவிட்டது, அமெரிக்கா தாக்கப்படுகிறது என்று வலது காதில் சொல்லிவிட்டு உடனே பின்வாங்குகிறார். அந்த இடத்தில் அதிபர் எதிர்க்கேள்வி கேட்டு உரையாடல் தொடங்க வாய்ப்புக் கொடுக்கக்கூடாது என்று திட்டமிட்டே விலகியதாகக் கார்ட் பின்னால் விளக்கினார். எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது, சொன்னதும் எப்படி ஒதுங்குவது என்று கதவுக்கு வெளியே நின்ற சில நொடிகளில் அவர் முடிவு செய்திருக்கிறார்.

இனி தமிழ். 'தலைமைப் பணியாளர்' பொருந்தாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். 'தலைமை அதிகாரி' தப்பில்லை, ஆனால் ஒரு வங்கிக் கிளைக்கும் தலைமை அதிகாரி உண்டு. 'முதன்மைச் செயலாளர்' என்று போடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியப் பிரதமரின் முதன்மைச் செயலாளர் செய்யும் வேலை இதற்கு நெருங்கியதுதான், ஆனாலும் அது ஏற்கெனவே வேறொரு பதவிக்குப் போய்விட்ட பெயர், ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும். 'பணிக்குழுத் தலைவர்' நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டில் பணிக்குழு என்றால் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அமைத்துக் கலைக்கும் குழு என்றுதான் முதலில் தோன்றும்.

இலங்கைத் தமிழர்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தாண்டிவிட்டார்கள். அங்கே ஜனாதிபதிக்கே இப்படி ஒரு பதவி உண்டு என்பதால் 'ஜனாதிபதி பணிக்குழாம் பிரதானி' என்று செய்திகளில் எழுதி எழுதிப் பழக்கமாகிவிட்டது. குழாம் என்பது கூட்டத்தைக் குறிக்கும் அருமையான பழஞ்சொல். தனித்தனி ஊழியர்களை அல்லாமல் ஒரு தலைவரைச் சுற்றி இயங்கும் மொத்தக் கூட்டத்தைச் சொல்கிறது, ஸ்டாஃப் என்பதன் ராணுவப் பொருளும் அதுவேதான். பிரதானி வடசொல் என்று ஒதுக்க வேண்டியதில்லை, மதுரை நாயக்கர் ஆட்சியிலேயே தளவாய், பிரதானி, ராயசம் என்று பதவிகள் இருந்தன. ஆனாலும் தமிழ்நாட்டு வாசகருக்கு இன்று 'தலைவர்' என்பது உடனே புரியும். அதனால் என் பரிந்துரை 'அதிபர் பணிக்குழாம் தலைவர்'.

இதைவிட அழகான சொல் ஒன்று சோழர் கல்வெட்டுகளில் கிடக்கிறது. அரசன் வாயால் இடும் ஆணை 'திருவாய்க்கேள்வி', அதை எழுத்தாக்குபவர் 'திருமந்திர ஓலை', அவர்களுக்கு மேலே 'திருமந்திர ஓலை நாயகம்', அரசனோடு கூடவே இருந்து அரசுக் காரியங்களைப் பார்ப்பவர்கள் 'உடன்கூட்டத்து அதிகாரிகள்'. பெர்த்தியே நெப்போலியனுக்குச் செய்த வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் ஒரு பதவிப்பெயர் இருந்திருக்கிறது! 'உடன்கூட்டம்' என்ற சொல்லை இன்றைய செய்தியில் போட்டால் யாருக்கும் புரியாது என்று தெரியும். ஆனால் ஒரு வரலாற்றுக் கட்டுரையிலோ மொழிபெயர்ப்பு நாவலிலோ தயங்காமல் எடுத்தாளலாம்.

எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ராணுவச் செய்தியில் இதே ஆங்கிலச் சொற்கள் வந்தால் பணிக்குழாம் என்று போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் ராணுவத் தலைவரின் ஆங்கிலப் பதவிப்பெயரிலும் ஸ்டாஃப் என்ற சொல் உண்டு, ஆனால் அவர் படையை நேரடியாக நடத்துகிறவர் என்பதால் 'ராணுவத் தலைமைத் தளபதி' என்பதே சரி, 2020 முதல் இருக்கும் 'சீஃப் ஆஃப் டிஃபென்ஸ் ஸ்டாஃப்' பதவிக்கு 'முப்படைத் தலைமைத் தளபதி'. இலங்கையில் ராணுவத்தில் இருப்பவர் 'பதவிநிலைப் பிரதானி', ஜனாதிபதியிடம் இருப்பவர் 'பணிக்குழாம் பிரதானி' என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். மற்றபடி வெள்ளை மாளிகைச் செய்தி என்றால், 2025 ஜனவரியில் இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணியைப் பற்றி எழுதும்போது 'அதிபர் டிரம்பின் பணிக்குழாம் தலைவர் சூசி வைல்ஸ்' என்று எழுதினால் போதும், 'தலைவி' என்று மாற்றவும் வேண்டாம்.