டிஎச்சிபி-யில் இரண்டாவது ஐபி போட்டுவிட்டால் பேக்கப் வந்துவிடாது

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் கிடங்கு. ஐபி போன்களின் அழைப்புகளை நடத்தும் கால் (call) சர்வர் ஒன்று, அது படுத்தால் தூக்கிக்கொள்ள இன்னொன்று. இரண்டுக்கும் லைசென்ஸ் காசு கட்டியாயிற்று. போன வாரம் முதல் சர்வரின் டிஸ்க் போனது. இரண்டாவது சர்வர் பச்சை விளக்கு எரிய சும்மா நின்றது. கேட்டிலிருந்து எடைமேடைக்கு ஒரு போன் கால்கூடப் போகவில்லை. டிரெய்லர்கள் பொன்னேரி ஹைரோடு வரை வரிசை கட்டிவிட்டன.

அங்கே ஐடி பார்க்கும் பையன் சொன்னது: "சார், ஆப்ஷன் 150-ல ரெண்டு ஐபியும் போட்டிருக்கோமே சார்." இதே வாக்கியத்தை ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கேட்டிருக்கிறேன், பாரிமுனையிலும் கேட்டிருக்கிறேன். இனி கேட்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டிஎச்சிபி என்பது போனுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை, கூடவே எண் போட்ட 'ஆப்ஷன்'களில் வேறு தகவலும் தரும். அதில் ஆப்ஷன் 150-ல் நீங்கள் போடுவது டிஎஃப்டிபி சர்வரின், அதாவது கோப்பு வழங்கும் சர்வரின் முகவரி. கால் சர்வரின் முகவரி அல்ல. சிஸ்கோ போன் ஆன் ஆனதும் அந்த முகவரிக்குப் போய்த் தன் அமைப்புக் கோப்பைக் கேட்கும். முதல் ஐபி பதில் தராவிட்டால் இரண்டாவதைக் கேட்கும். அங்கே இரண்டு ஐபி போடுவதன் பலன் அவ்வளவுதான்: கோப்பு கிடைக்க இரண்டு வழி. யாரிடம் பதிவு செய்ய வேண்டும், அவர் இல்லாவிட்டால் அடுத்து யாரிடம் என்பது அந்தக் கோப்புக்குள் இருக்கிறது. சிஸ்கோ கால் சர்வரில் 'கால் மேனேஜர் குரூப்' என்ற பட்டியலில் மூன்று சர்வர் வரை வரிசைப்படுத்தலாம், அதுதான் கோப்புக்குள் போகும். மணலியில் அந்தக் குரூப்பில் ஒரே ஒரு பெயர். போன்களுக்கு இரண்டாவது சர்வர் இருப்பதே தெரியாது. அவை எப்படி அதற்குத் தாவும்?

பல இடங்களில் டிஎஃப்டிபி சேவையும் கால் சேவையும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன, ஐபியும் ஒன்றே. "அதே ஐபிதானே, அங்கே போட்டால் போதாதா" என்கிறார்கள். போதாது. ஐபி ஒன்றாக இருந்தாலும் அங்கே நடக்கும் வேலைகள் இரண்டு.

அவாயா கம்பெனி போன் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. எச்.323 என்ற அழைப்பு நெறிமுறையில் ஓடும் போன்களுக்கு ஆப்ஷன் 242-ல் எம்சிஐபிஆட் (MCIPADD) என்று எழுதி, காற்புள்ளி போட்டு அடுக்குவது நேரடியாகக் கால் சர்வர் முகவரிகளைத்தான். கிளையில் உள்ள லோக்கல் சர்வரின் முகவரியும் அந்த வரிசையில் கடைசியாக இருக்க வேண்டும். ஒரு ஆப்ஷனில் 255 எழுத்துக்கு மேல் ஏறாது, நடுவே இடைவெளி விடாதீர்கள். ஆக, அவாயாவில் கற்றுக்கொண்டதை சிஸ்கோவில் செய்வதும், சிஸ்கோவில் கற்றதை அவாயாவில் செய்வதும்தான் பாதிப் பிரச்சினை. யீலிங்க் போன்ற மற்ற கம்பெனி போன்களில் ஆப்ஷன் 66 அமைப்புக் கோப்பு இருக்கும் இடத்தை மட்டும் சொல்லும். இரண்டாவது எஸ்ஐபி (இன்னொரு அழைப்பு நெறிமுறை) சர்வரைக் கோப்பிலேயே தனியாக எழுத வேண்டும்.

66 பற்றிப் பேசும்போது இன்னொன்று. அது ஒரே ஒரு எழுத்துச்சரம். அதில் காற்புள்ளி போட்டு இரண்டு ஐபி திணித்து "பேக்கப் கொடுத்தாச்சு" என்று சொல்லாதீர்கள், ப்ளீஸ். பெரும்பாலான போன்கள் முழுச்சரத்தையும் ஒரே பெயராக எடுத்துக்கொண்டு தேடும், கிடைக்காது.

விண்டோஸ் டிஎச்சிபி-யில் 150 முன்கூட்டியே இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது வகை 'ஐபி முகவரி', பக்கத்தில் 'அரே' என்ற பெட்டியில் டிக். அவசரத்தில் 'ஸ்ட்ரிங்' என்று விட்டால் போனுக்கு முகவரிக்குப் பதில் எழுத்துக்கள் போய்ச் சேரும். ஆப்ஷனை வாய்ஸ் விலானின் (போன்களுக்கென்று பிரித்த நெட்வொர்க்) ஸ்கோப்பில், அதாவது அதற்கு ஒதுக்கிய ஐபி வரம்பில் போடுங்கள். கணினிகளின் ஸ்கோப்பில் போட்டுவிட்டுப் போனைத் திட்டாதீர்கள்.

சரி, வரிசையெல்லாம் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எஸ்சிசிபி என்ற சிஸ்கோவின் சொந்த நெறிமுறையில் ஓடும் போன் அடிக்கடி சர்வரைத் தட்டிப் பார்க்கும், அதனால் சீக்கிரம் தாவும். சாதாரண எஸ்ஐபி போனில் பதிவுக் காலம் (சர்வரிடம் மறுபடி பதிவு செய்யும் இடைவெளி) 3600 விநாடி என்று விட்டிருந்தால், யாரும் டயல் செய்யாத போனுக்கு சர்வர் இறந்த செய்தி ஒரு மணி நேரம் வரை தெரியாமல் போகலாம். வெளியே அழைக்க முயன்றாலும் யுடிபி வழியாகப் பேசும் போன் வழக்கமாக 32 விநாடி காத்திருந்த பிறகுதான் கைவிடும். அவ்வளவு நேரம் யார் ரிசீவரைக் காதில் வைத்திருப்பார்கள்? கிடங்கிலும் ஆலையிலும் இந்தக் காலத்தைக் குறைத்து வையுங்கள்.

அப்புறம் கரன்ட். திருவொற்றியூரில் கிளை, டிஎச்சிபி சர்வர் கிண்டியில் தலைமை அலுவலகத்தில். ஃபைபர் அறுந்தால் போன்கள் கையில் உள்ள லீஸை (ஐபி-யைக் குறிப்பிட்ட காலம் வைத்துக்கொள்ளும் அனுமதி) வைத்து ஓட்டும். அதே நேரத்தில் கரன்ட்டும் போய் வந்தால், பல போன்கள் புதிதாக ஐபி கேட்டு உட்கார்ந்துவிடும். கிளையிலேயே பேக்கப் கால் சர்வர் இருந்தும் பலனில்லை. கிளை ரவுட்டரிலேயே டிஎச்சிபி ஓடட்டும், காசு செலவில்லாத வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இந்தப் பக்கம் தண்ணீர் நின்ற கதையை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் இரண்டு சர்வரையும் தரைத்தளத்தில், ஒரே ரேக்கில், ஒரே யுபிஎஸ்-இல் மாட்டுகிறார்கள்.

சோதிக்காத பேக்கப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதல் சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். உள்ளே, வெளியே கால் போகிறதா பாருங்கள். கேபிளை மாட்டாமலே ஒரு போனை அணைத்துப் போடுங்கள், அது எழுந்து பதிவாகிறதா என்றும் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையை யாருமே செய்வதில்லை. டிஎச்சிபி-யில் விட்ட ஓட்டையெல்லாம் அங்கேதான் தெரியும்.

ஆப்ஷனை மாற்றியதும் போனுக்குத் தானாகத் தெரியாது, லீஸ் புதுப்பிக்கும்போதோ ரீஸ்டார்ட்டிலோதான் தெரியும். தளம் தளமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு சிஸ்கோ போனின் நெட்வொர்க் மெனுவுக்குள் போனால் முதல் சர்வருக்கு எதிரே 'ஆக்டிவ்', இரண்டாவதற்கு எதிரே 'ஸ்டான்ட்பை' என்று இருக்க வேண்டும். இரண்டாவது வரி காலியாக இருந்தால் ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.