பட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கும் முன் கை அறிய வேண்டியவை

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் 20 ஆண்டுகளாகத் தையல் கடையும், அதன் பின்கட்டில் ஒரு சிறிய பயிற்சி வகுப்பும் நடத்திவருகிறேன். கற்க வருவோரில் பெரும்பாலோர் முதல் நாளே மெஷின் முன் உட்கார விரும்புகிறார்கள். முதல் இரண்டு வாரம் ஊசி, நூல், ஒரு முழம் மல் துணி ஆகியவை மட்டுமே என்று சொன்னதும் சிலர் மறுநாள் வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கைத்தையல் பழகாத கைகளால் கெட்டுப்போய் என்னிடம் வந்துசேரும் துணிகளைப் பார்த்த பிறகு அந்த இரண்டு வாரத்தைக் குறைக்கவும் மனம் வருவதில்லை.

சென்ற தை மாதத்தில் ஓர் அம்மா அரக்கு நிறத் திருபுவனம் பட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நெசவு அது; மகளின் நிச்சயதார்த்தத்துக்கு எடுத்த புடவை. புடவையின் கீழ்க்கரைக்கு உட்புறமாக வைத்துத் தைக்கும் நீளத் துணியான ஃபால்ஸை வேறெங்கோ மெஷினில் அடித்திருந்தார்கள். பருத்தி ஃபால்ஸை நனைத்துக் காயவைக்காமல் அப்படியே வைத்து அடித்திருந்ததால், புடவையை ஒருமுறை நீரில் அலசியதும் ஃபால்ஸ் மட்டும் சுருங்கிப் பட்டையும் சேர்த்து இழுத்துவிட்டது. கொசுவம் வைக்கும் இடம் முழுவதும் வெந்த அப்பளம்போல் நெளிந்து நின்றது. தையலை ஒவ்வொன்றாக அறுத்து எடுத்தேன். கரையை ஒட்டி வரிசையாகத் துளைகள் தெரிந்தன. நீராவி காட்டி மெல்லத் தடவிக் கொடுத்தபோது ஊசி விலக்கிய இழைகள் ஓரளவு கூடிவந்தன. ஊசி அறுத்த இழைகள் கூடவில்லை. கையால் தைத்திருந்தால் நூலை உருவியதும் புடவை பழையபடி ஆகியிருக்கும்.

கைத்தையலில் தொடங்குவோர் செய்யும் முதல் பிழை நூலின் நீளத்தில் இருக்கிறது. அடிக்கடி கோக்க வேண்டாமே என்று இரண்டு கை அகலத்துக்கு நூலை எடுப்பார்கள். அது துணிக்குள் மீண்டும் மீண்டும் போய்வந்து உராய்ந்து நைந்து, பாதி வழியில் சிக்கு விழும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதாவது பூக்காரம்மா அளக்கும் ஒரு முழம், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் போதும். நூற்கண்டிலிருந்து முதலில் அவிழும் முனையை ஊசிக்காதில் கோத்து, பிறகு வெட்டிய முனையில் முடிச்சிடுங்கள். தைக்கும்போது நூல் முறுக்கேறினால் ஊசியைத் தொங்கவிடுங்கள். அது தானே சுழன்று முறுக்கைக் கழித்துக்கொள்ளும். ஊசியின் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதையும் நினைவில் வையுங்கள். பருத்தி ரவிக்கைக்கு 7 அல்லது 8 சரி. பட்டுக்கு 10-க்குக் குறையக் கூடாது.

ஓடுதையலைச் சொல்லிக்கொடுப்பது இந்தப் பகுதியில் எளிது. நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தின் வாயைக் கோணி ஊசியும் சணலும் கொண்டு தைப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் எல்லோரும். ஊசி மேலும் கீழுமாக ஓடுவது அவர்களுக்குப் புதிதல்ல. சாக்கில் அரை அங்குலம் போவதைத் துணியில் அங்குலத்துக்கு ஆறு முதல் எட்டுத் தையலாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். அதையே அரை அங்குல இடைவெளியில் தளர்வாகப் போட்டால் தற்காலிகத் தையல், பிறகு உருவிவிடலாம். கையால் போடும் தையல்களில் மிக உறுதியானது பின்தையல். ஒரு தையல் முன்னே எடுத்து, அடுத்த முறை ஊசியை முந்தைய தையல் முடிந்த இடத்துக்கே பின்வாங்கிக் குத்தி, இரு மடங்கு தொலைவில் முன்னே வெளியெடுக்க வேண்டும். மேற்புறம் இடைவெளியற்ற கோடும் அடிப்புறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய நூலும் தெரிந்தால் கை பழகிவிட்டது என்று பொருள். அக்குளில் விட்டுப்போன ரவிக்கைக்கு இதுவே ஏற்றது. அங்கே ஓடுதையல் போட்டால் கையைத் தூக்கியதும் அறுந்துவிடும்.

ஃபால்ஸுக்கு வேண்டியது ஹெம்மிங், அதாவது ஓரத்தைத் துணியோடு சேர்க்கும் தையல். ஃபால்ஸை முந்தின நாளே தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுவிடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒரு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைப் பட்டுக்கு அருகில் கொண்டுபோகாதீர்கள். புடவையை மேசையிலோ பாயிலோ பரப்பி, இடுப்பில் செருகும் முனையில் ஒரு சாண் விட்டு, உட்புறத்தில் கீழ்க்கரையை ஒட்டி ஃபால்ஸை வைத்துக் குண்டூசி குத்திக்கொண்டு, முழு நீளத்துக்கும் தற்காலிகத் தையல் போடுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் பட்டு தன் எடையாலேயே சரிந்து கோணும். பிறகு மெல்லிய ஊசியால் பட்டின் ஒரே ஓர் இழையை எடுத்து, ஃபால்ஸின் ஓரத்தில் நுழைத்து, கால் அங்குலம் தள்ளி அடுத்த இழையை எடுக்க வேண்டும். ஜரிகை வரும் இடத்தில் ஜரிகையைக் குத்தாமல் இரு இழைகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்துங்கள்.

இவ்வளவையும் ஒரே நாளில் கற்றுவிடலாம். கற்க நாளாவது ஒன்றுதான்: நூலை இழுக்காமல் விடுவது. உறுதியாக நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில் ஒவ்வொரு தையலுக்கும் கை ஒரு வெடுக்கு இழுத்துவிடும். நூல் துணியின் மேல் படுத்திருந்தால் போதும், அழுந்தக் கூடாது. ஒரு சாண் தைத்ததும் கட்டைவிரலால் தையலின் மேல் நீவி விடுங்கள். அடங்கியிருந்த தளர்வு வெளிப்பட்டுத் துணி சமமாகும். ‘புடவை தானாக விழுகிறதா, நீ பிடித்து வைத்திருக்கிறாயா?’ என்று மாணவிகளைக் கேட்பேன். தூக்கிப் பிடித்து, விழும் மடிப்பைப் பார்த்து அவர்களே பதில் சொல்லுவார்கள்.

உடுத்திய துணியை உடம்பில் வைத்தே தைக்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லுவது சகுனத்துக்காக இருக்கலாம். எனக்கு அதில் தொழில் நியாயம் தெரிகிறது: ஊசி குத்தும், உடம்பின் வளைவில் இழுபட்ட துணியில் போட்ட தையல் கழற்றியதும் சுருங்கும். விளக்கு வைத்த பிறகு ஊசி இரவல் தரக் கூடாது என்பதையும் நான் மீறுவதில்லை. அந்த வெளிச்சத்தில் கீழே விழுந்த ஊசியை யார் தேடுவது?

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊசிகள் துருவேறும். துருவேறிய ஊசி பட்டில் கறை விடும். விரலில் ஏறினால் காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசிக்கு மருத்துவரிடம் போக வேண்டும். அதனால் மழைக்காலத்தில் ஊசிகளை எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வைக்கிறேன்; எடுத்தால் துடைத்த பிறகுதான் பட்டைத் தொடுவேன். வகுப்புக்கு 12 ஊசிகள். மாலையில் எண்ணும்போது 11 இருந்தால் பாயை உதறி, தரையில் காந்தம் ஓட்டி, தைத்துக்கொண்டிருந்த குழந்தைச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, பன்னிரண்டாவது கிடைத்த பிறகே கதவைப் பூட்டுவோம்.