திருட்டுப் புகார்: கையில் இருப்பது சி.எஸ்.ஆரா, எஃப்.ஐ.ஆரா?

திருட்டுப் போனதென்று காவல் நிலையத்துக்குப் போனால், தமிழ்நாட்டில் பலருக்கும் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அது சாட்சி. வழக்குப் பதிவானது என்பதற்கு அல்ல. புலன்விசாரணை எஃப்.ஐ.ஆர். என்ற முதல் தகவல் அறிக்கையிலிருந்துதான் தொடங்கும், வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்கப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். வீடு திரும்புமுன் தாளைப் படித்துப் பாருங்கள்: குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருந்தால்தான் அது எஃப்.ஐ.ஆர். அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு இதற்கான விதி. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், அது நடந்த இடம் எந்த நிலைய எல்லையில் இருந்தாலும் புகாரைப் பதிய வேண்டும். 'எங்க லிமிட் இல்ல' என்பது பதில் ஆகாது. பறிகொடுத்தவரே வர வேண்டும் என்றும் இல்லை. விஷயம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லலாம். மின்னஞ்சலில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பொருளின் மதிப்பை எழுதாமல் விடாதீர்கள். வாசலில் நின்ற சைக்கிளைப் போன்ற சாதாரணத் திருட்டில் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. 'பழைய சைக்கிள்' என்று மட்டும் எழுதினால் மனு அங்கேயே படுத்துவிடும். பில் இருந்தால் இணையுங்கள். கூட்டி எழுத வேண்டாம். வீட்டுக்குள் புகுந்து எடுத்தது என்றால் இந்த வரம்பு கிடையாது.

'விசாரிச்சிட்டுப் போடுறோம்' என்பதற்கும் அளவு உண்டு. 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு, 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். செயின் பறிப்பு இதற்குள் வரும். வீட்டுத் திருட்டுக்கு 7 ஆண்டு வரை தண்டனை என்பதால் அது வராது.

தெருவில் கேமரா வைத்திருக்கும் சங்கங்களுக்கு ஒன்று. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் அன்றைக்கே பிரதி எடுங்கள். கேமராக் காட்சியைப் பதியும் டி.வி.ஆர். கருவி காட்டும் நேரத்தையும் சரியான நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் குறித்து வையுங்கள். 20 நிமிடம் முன்பின்னாக ஓடும் கடிகாரம் நல்ல பதிவையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். கோர்ட்டில் அந்தப் பிரதி நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் கருவியின் பொறுப்பாளரும் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் துண்டு வீடியோ துப்புத் துலக்க உதவும், அவ்வளவுதான்.

பதிய மறுத்தால் புகாரின் சாரத்தை எஸ்.பி.க்கு, மாநகரமானால் துணை ஆணையருக்கு, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரசீது முக்கியம். அதற்கும் அசையவில்லை என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவின்படி, பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யலாம். எஸ்.பி.க்கு அனுப்பாமல் நேரே கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பிவிடும். வழக்குப் பதிவானால், விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் போலீஸே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வராவிட்டால் குற்ற எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்.