‘சமூக சேவை’ என்னும் தண்டனை: சொல் விளக்கம்

குடிபோதையில் ரகளை செய்தவருக்குச் சமூக சேவை. செல்போன் திருடியவருக்குச் சமூக சேவை. நாளிதழிலும் தொலைக்காட்சியின் ஓடும் வரியிலும் இந்த மாதிரித் தலைப்புகள் இப்போது அடிக்கடி வருகின்றன. டீக்கடையில் படித்தவர் உடனே கேட்கிறார்: “அப்போ தண்டனை எதுவும் கிடையாதா?” அவர்மேல் தப்பே இல்லை. ‘சேவை’ என்று எழுதியிருந்தால் யாருக்குத்தான் அது தண்டனை என்று தோன்றும்?

ஆனால் அது தண்டனைதான். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தண்டனைகள் எவை என்று அதன் 4-ஆம் பிரிவு அடுக்குகிறது: மரணம், ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம். ஆறாவதாக, நாம் ‘சமூக சேவை’ என்று எழுதும் கம்யூனிட்டி சர்வீஸ். தூக்கு இருக்கும் அதே பட்டியலில்தான் இதுவும் இருக்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை. 1978-இல் கொண்டுவந்த திருத்த மசோதாவில் எட்டிப் பார்த்தது. அந்த மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. சிறார் நீதிச் சட்டத்தில் முன்பே இருந்தது.

இப்போது ஆறு குற்றங்களுக்கு இதை விதிக்கலாம். பொது இடத்தில் குடித்துவிட்டுத் தொல்லை தருவது, அவதூறு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளை முதல்முறையாகத் திருடிப் பிறகு அதைத் திருப்பிக் கொடுப்பது, அரசு ஊழியர் சட்டவிரோதமாக வியாபாரம் செய்வது முதலியவை. கூடவே வந்த நடைமுறைச் சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 23-ஆம் பிரிவில் பொருளும் சொல்லிவிடுகிறது: குற்றவாளி என்று தீர்ப்பானவர், நீதிமன்றம் தண்டனையாக ஆணையிடும்போது, சமுதாயத்துக்குப் பயன்படும்படி, ஊதியம் எதுவும் இல்லாமல் செய்யும் வேலை. தமிழில் பெயர் வைக்கிறவர் இந்த வரியைப் படித்திருந்தால் போதும், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஆங்கிலத்தின் ‘சர்வீஸ்’ லத்தீனில் அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ வழியில் வந்தது. நம் ‘சேவை’ வடமொழி ‘சேவா’. பணிந்து அருகிருத்தல், வழிபடுதல். பெருமாளைச் சேவிக்கப் போகிறோம். கருட சேவை பார்க்கிறோம். ஆக ஆங்கிலச் சொல்லின் அடியில் விலங்கு கிடக்கிறது, நம் சொல்லின் அடியில் பக்தி கிடக்கிறது. (சேவை என்றால் இடியாப்பத்தின் உறவுக்காரப் பலகாரம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு இந்தத் தலைப்புகள் இன்னும் சுவையாக இருக்கும்.)

“ஆங்கிலத்திலும் அதே சர்வீஸ்தானே, அவர்களுக்கு இல்லாத குழப்பம் நமக்கு மட்டும் ஏன்?” என்று மொழிபெயர்ப்பாளர் நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்கும் குழப்பம் இருந்தது. இந்தத் தண்டனை பிறந்த இங்கிலாந்தின் கதையே அதற்குச் சாட்சி. சமூகவியலாளர் பார்பரா வூட்டன் தலைமையிலான குழு 1970-இல் இதைப் பரிந்துரைத்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் 40 மணி நேரத்திலிருந்து 240 மணி நேரம் வரை விதிக்கலாம் என்றது. வூட்டன் அறிக்கையில் ஒரு சுவாரசியமான பத்தி உண்டு. இந்த ஒரே தண்டனையைச் சிலர் சிறையைவிட மலிவானது என்று விரும்புவார்கள், சிலர் சமூகத்துக்குச் செய்யும் ஈடாகப் பார்ப்பார்கள், சிலர் குற்றத்துக்கேற்ற தண்டனை என்பார்கள், சிலர் குற்றவாளி நல்லவர்களோடு பழகித் திருந்துவார் என்று நம்புவார்கள் என்ற பொருளில் போகும். எல்லோரையும் திருப்திப்படுத்த எழுதிய பத்தி அது என்று வூட்டனே பிற்பாடு கூச்சப்பட்டுச் சொன்னார்.

எல்லோருக்கும் எல்லாமுமாக இருந்த பெயர் அதிக நாள் நிற்கவில்லை. சர்வீஸ் என்றால் தண்டனை மாதிரி இல்லையே என்ற முணுமுணுப்பு அங்கேயும் எழுந்தது. 2001-இல் அதைத் தூக்கிவிட்டு ‘சமூகத் தண்டனை ஆணை’ என்ற பொருளில் பெயர் மாற்றினார்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ‘ஊதியமில்லா வேலை’ என்று பச்சையாகவே எழுதியது. பிறகு மக்கள் பார்வைக்காக ‘சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்துதல்’ என்ற பெயரை ஒட்டி, 2008-இல் வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் பெயர் அச்சடித்த ஆரஞ்சு மேல்சட்டையும் மாட்டிவிட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட முதல் பெயரைத்தான் நாம் 2024-இல் எடுத்துத் துவைக்காமல் உடுத்திக்கொண்டிருக்கிறோம்.

பெயர் மாறும்போதெல்லாம் தண்டனையின் நோக்கமும் இடம் மாறியதைக் கவனிக்க வேண்டும். ‘சர்வீஸ்’ என்றபோது திருத்துவது முன்னால் நின்றது. ‘தண்டனை ஆணை’ என்றபோது செய்ததற்கு அனுபவி என்பது முன்னால் வந்தது. ஆரஞ்சுச் சட்டையில் வெட்கப்படுத்துவதும் பிறரை அச்சுறுத்துவதும் சேர்ந்துகொண்டன. சிங்கப்பூரில் 1992 முதல் குப்பை போட்டுச் சிக்கியவர்களைப் பளிச்சென்ற மேல்சட்டையோடு பொது இடத்தைக் கூட்ட வைக்கிறார்கள். அதில் ‘சேவை’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, தமிழில் என்னென்ன போட்டிப் பெயர்கள் உலவுகின்றன? ‘சமூகப் பணி’ என்று ஒன்று. இது இன்னும் மோசம். சமூகப் பணி ஒரு படிப்பு, ஒரு தொழில். கல்லூரியில் இரண்டு ஆண்டு முதுகலை படித்துவிட்டு மனநலப் பிரிவிலும் குழந்தைகள் காப்பகத்திலும் மாரடிக்கிறவர்களின் அடையாளத்தைத் தூக்கித் தண்டனைக்கு வைத்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ‘சமுதாயத் தொண்டு’ என்று இன்னொன்று. தொண்டர் என்றால் நமக்கு நினைவு வருவது உழவாரப் படையோடு கோயில் கோயிலாகப் புல் செதுக்கிய அப்பர். மனம் உவந்து செய்தால்தான் தொண்டு. செய்யாவிட்டால் சிறை என்று சொல்லிச் செய்ய வைப்பது எப்படித் தொண்டாகும்? தனித்தமிழ் அன்பர்கள் ‘சேவை’யை வடசொல் என்று விலக்கிவிட்டுத் ‘தொண்டு’ போட்டதோடு கடமை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். வடசொல்லை நீக்கினார்கள், பிழை அப்படியே இருக்கிறது. தூய தமிழில் எழுதிய தவறும் தவறுதான்.

‘ஊழியம்’ எனக்குக் கொஞ்சம் ஆசை காட்டிய சொல். இலங்கைத் தமிழில் ‘கடூழியச் சிறை’ என்று எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள்! கடும் வேலையோடு கூடிய சிறை என்பது சொல்லிலேயே தெரிகிறது. நம் ‘கடுங்காவலில்’ காவல்தான் கடுமை. வேலையைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. ஏதோ கூடுதலாக இரண்டு காவலர் நிற்பார்கள் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் ‘சமூக ஊழியம்’ தமிழ்நாட்டில் எடுபடாது. இங்கே ஊழியம் என்றால் ஒன்று சம்பளத்துக்கு வேலை, இல்லையென்றால் சபை ஊழியம். அதோடு, பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களிடம் கூலி கொடுக்காமல் வாங்கிய கட்டாய வேலைக்கு ஊழியம் என்றே பெயர். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களிடம் போய் அந்தச் சொல்லைத் தண்டனையாக நீட்ட எனக்கு மனமில்லை. சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய வேலைக்கு ‘வெட்டி’ என்று பெயர். பொருள் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் ‘சமூக வெட்டி’ என்று எழுதினால் ஊரே சிரிக்கும்.

இங்கிலாந்தின் புதுப் பெயரைப் பார்த்து ‘சமூக ஈடு’ என்று சிலர் முயல்கிறார்கள். செல்போன் திருடுபோனது ஒருவருக்கு. குற்றவாளி கூட்டிப் பெருக்குவது பேருந்து நிலையத்தை. இதில் யாருக்கு எது ஈடு? பறிகொடுத்தவருக்கு இழப்பீடு தர நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது.

ஆகவே நான் எழுதுவது ‘பொதுவேலைத் தண்டனை’. சிறைத் தண்டனை, ஆயுள் தண்டனை என்று பேசிப் பழகிய வாய்க்கு இது உறுத்தாது. வேலை, பொதுவுக்கானது, தண்டனை, மூன்றும் வந்துவிடுகின்றன. ஊதியமில்லை என்பதையும் சேர்க்க வேண்டிய இடத்தில் ‘கூலியில்லாப் பொதுவேலை’ என்று விரிக்கலாம். தண்டனையே வடசொல்தானே என்று மடக்குவோர் ‘பொதுவேலை ஒறுப்பு’ என்று எழுதிக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒறுத்தல் குறளில் உள்ள சொல். ஆனால் குற்றம் செய்து நிற்கிறவருக்கும் அவர் அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்றால் தண்டனைதான். ஊர்ப் பஞ்சாயத்தில் தெண்டம் கட்டின காலத்திலிருந்து அது நம் வீட்டுச் சொல்.

ஒரு பெயருக்கு இவ்வளவு வாதமா என்றால், அதன் விளைவு வெறும் பெயரோடு நிற்பதில்லை. 2024 மே மாதம் புனேயில் சிறுவன் ஓட்டிய சொகுசுக் கார் மோதி இரண்டு மென்பொறியாளர்கள் இறந்தார்கள். 300 சொல்லில் கட்டுரை எழுது, 15 நாள் போக்குவரத்துப் போலீசோடு வேலை செய் என்று சிறார் நீதி வாரியம் சொன்னது ஜாமீன் நிபந்தனையாக. நாடே கொதித்தது. ஜாமீன் கொடுத்தது சரியா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ‘இரண்டு உயிருக்குத் தண்டனை ஒரு கட்டுரையா?’ என்று பரவிய கோபம், நடக்காத தீர்ப்பின்மேல் வந்த கோபம். பைக் சாகசக்காரர்களை அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் வேலை பார்க்கச் சொல்லும் உத்தரவுகளும் இப்படித்தான்: அவை நிபந்தனைகள், தண்டனை அல்ல. குற்றம் நிரூபணமாகாதவரிடம் வாங்கும் வேலையும் நிரூபணமானவரிடம் வாங்கும் வேலையும் தமிழில் ஒரே ‘சமூக சேவை’ ஆகிவிட்டன. முன்னவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, பின்னவரைத் தியாகி ஆக்குகிறது இந்தச் சொல்.

இந்தத் தண்டனை உருப்படியானதா என்பதையும் சொல்லிவிடுகிறேன், பெயரைத் திட்டுவதால் நான் இதற்கே எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. சில்லறைக் குற்றங்களுக்கு மற்ற வழிகள் என்ன சாதிக்கின்றன? குடித்துத் தொல்லை தந்தவருக்கு உச்ச அபராதம் 1,000 ரூபாய். ஒருவருக்கு அது ஒரு இரவின் பாட்டில் செலவு, இன்னொருவருக்கு வீட்டு அரிசி. பின்லாந்தில் 1921 முதல் வருமானத்தைப் பார்த்து நாள் கணக்கில் அபராதம் போடுகிறார்கள். நமக்கு அது இல்லை. குறுகிய காலச் சிறை அதைவிட மோசம். வேலை போகும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், திருந்துவதற்கு உள்ளே அவகாசமும் இருக்காது. இங்கிலாந்து நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான குற்றவாளிகளை ஒப்பிட்டபோது, ஓராண்டுக்குக் குறைவாகச் சிறை சென்றவர்களிடம் மறுகுற்றம் சமுதாயத்துக்குள்ளேயே நிறைவேற்றும் தண்டனைகளைப் பெற்றவர்களைவிடச் சுமார் 4 சதவீதப் புள்ளி கூடுதலாக இருந்தது. பெரிய வித்தியாசமில்லைதான். ஆனால் செலவு அதிகமான வழி விளைவிலும் பின்தங்குகிறது என்றால் எதற்கு அது? கொலைக்கும் கொள்ளைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆளை வெளியே விடக் கூடாது என்பதே நோக்கமாக இருக்கும் இடத்தில் துடைப்பம் கொடுத்துப் பயனில்லை.

தண்டனையின் நோக்கங்களைப் பற்றி எழுதுகிறவர்களின் தமிழும் இதே லட்சணத்தில்தான் இருக்கிறது. செய்த குற்றத்தின் அளவுக்கு அனுபவிக்கச் செய்வதைப் ‘பழிவாங்கல் கோட்பாடு’ என்கின்றன பாடக்குறிப்புகள். பழிவாங்குவதற்கு அளவு கிடையாது. இந்தக் கோட்பாட்டின் உயிரே அளவு. அச்சத்தால் விலக்குவதைத் ‘தடுப்பு’ என்கிறார்கள். படிப்பவர் குண்டர் சட்டத் தடுப்புக் காவலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார். ‘தக்காங்கு நாடித் தலைச்செல்லா வண்ணத்தால் ஒத்தாங்கு ஒறுப்பது வேந்து’ என்ற குறளில் முறையான விசாரணையும், மறுபடி அந்தக் குற்றத்தில் இறங்காதபடி செய்வதும், குற்றத்துக்கு ஒத்த அளவும் ஒன்றேமுக்கால் அடிக்குள் இருக்கின்றன. ‘ஒத்த ஒறுப்பு’, ‘அச்ச விலக்கு’ என்று இரண்டு சொல் அமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதை விட்டுவிட்டு அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள்.

செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எத்தனை மணி நேரம் என்பதற்கு நம் புதிய சட்டம் உச்ச வரம்பு எதுவும் வைக்கவில்லை. அது நீதிபதியின் கையில் இருக்கிறது. எனவே ‘பொதுவேலைத் தண்டனை’ என்று போட்ட கையோடு எத்தனை மணி நேரம், எந்த இடத்தில், யார் மேற்பார்வையில் என்பதையும் இரண்டாவது வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஜாமீன் உத்தரவாக இருந்தால் ‘நிபந்தனை’ என்று எழுதுங்கள். ‘சேவை’யை ரத்த தானம் செய்கிறவர்களுக்கு விட்டுவிடலாம்.