ஆர்எஸ்-485க்கு இரண்டு கம்பி போதும் என்று யார் சொன்னது?

இந்த மாதமும் ஒரு கேரியர் போர்டு (கம்ப்யூட்டர் மாட்யூலைச் செருகும் அடிப்பலகை) மேசைக்கு வந்துவிட்டது. புகார் வழக்கமானதுதான்: ஆபீஸில் நன்றாக ஓடியது, நூற்பாலையில் மாட்டினால் ஆர்எஸ்-485 (கருவிகள் கம்பி வழியாகப் பேசிக்கொள்ளும் முறை) லைனில் இருக்கும் எனர்ஜி மீட்டர் பதில் சொல்வதில்லை. கூடவே ஒரு விநோதம். என்ன ஆயிற்று என்று பார்க்க லேப்டாப்பை யூஎஸ்பியில் செருகினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. கேபிளைப் பிடுங்கினால் மறுபடி டைம்-அவுட். சாஃப்ட்வேர் எழுதிய பையன் பாட் ரேட்டை (டேட்டா போகும் வேகம்) குறைத்துப் பார்த்து, டைம்-அவுட்டைக் கூட்டிப் பார்த்து, ஓய்ந்துபோயிருந்தான். ஸ்கிமாட்டிக்கில் நான் கனெக்டரை மட்டும்தான் தேடினேன். இரண்டு பின். ஏ, பி. அவ்வளவுதான், கிரவுண்ட் பின் இல்லை.

கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "டிஃபரன்ஷியல்தானே சார், கிரவுண்ட் எதற்கு?"

ரிசீவர் ஏ, பி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது, உண்மை. 200 மில்லிவோல்ட் இருந்தால் போதும். ஆனால் அந்தச் சிப் எதன்மேல் நின்றுகொண்டு பார்க்கிறது? தன் கிரவுண்டின்மேல். அந்தக் கிரவுண்டிலிருந்து அளந்தால் ஏ, பி இரண்டுமே −7 முதல் +12 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்த எண்கள் சும்மா வந்தவை அல்ல. சிக்னல் 0 முதல் 5 வோல்ட் வரை. இரண்டு முனைகளின் கிரவுண்டுக்கும் நடுவே மேலோ கீழோ 7 வோல்ட் வரை வித்தியாசம் இருக்கட்டும் என்று விட்டார்கள். கூட்டிக் கழித்தால் அதே −7, +12. ஆக, கிரவுண்ட் வித்தியாசத்தை ஸ்டாண்டர்டே கணக்கில் எடுத்திருக்கிறது, அதற்கு ஓர் எல்லையும் போட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் வைத்திருப்பது போர்டு போடுகிறவர் வேலை.

ஆபீஸ் மேசையில் மீட்டரும் போர்டும் ஒரே பவர் சப்ளையில் இருந்ததால் கிரவுண்ட் தானாகவே சேர்ந்திருந்தது. ஆலையில் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையின் அவுட்புட் எதனோடும் சேராமல் மிதக்கிறது. பக்கத்திலேயே மோட்டார் டிரைவ்கள் இரைச்சலைக் கொட்டுகின்றன. லேப்டாப்பைச் செருகியதும் அதன் சார்ஜரின் எர்த், விட்டுப்போன மூன்றாவது கம்பியான கிரவுண்டின் வேலையைச் செய்துவிட்டது. மாயம் ஒன்றுமில்லை.

மாட்பஸ் (ஆர்எஸ்-485 லைனில் இப்படிப்பட்ட கருவிகள் பேசும் மொழி) சீரியல் லைனுக்கான அதிகாரபூர்வ ஆவணத்தைத்தான் புரட்டுங்களேன். டூ-வயர் என்று பெயர் சூட்டிவிட்டு, 'காமன்' என்ற மூன்றாவது கம்பியும் எல்லாக் கருவிகளையும் இணைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது.

"ஐசோலேட்டட் டிரான்ஸீவர் போட்டாச்சு, கவலையில்லை" என்பது அடுத்த ரகம் (போர்டையும் லைனையும் மின்சார ரீதியாகப் பிரித்து வைக்கும் ஆர்எஸ்-485 சிப் அது). பணம் செலவழித்து ஐசோலேட் செய்துவிட்டு, பஸ் (கருவிகள் பகிரும் லைன்) பக்கத்துக் கிரவுண்டைக் கனெக்டருக்குக் கொண்டுவராமல் போர்டிலேயே அநாதையாக விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது கம்பி அங்கேதான் சேர வேண்டும்.

இதற்கெல்லாம் மூலம், மாட்யூல் கம்பெனி சோதித்துப் பார்க்கக் கொடுக்கும் எவாலுவேஷன் போர்டின் ஸ்கிமாட்டிக்கை அப்படியே காப்பியடிப்பது. அது மேசைக்குச் செய்த போர்டு, ஆலைக்கு அல்ல.

வந்ததுதான் வந்தது, மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். லைன் முனையில் சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் ரெசிஸ்டரை எல்லாப் போர்டிலும் நிரந்தரமாகச் சால்டர் செய்யாதீர்கள். பத்துப் போர்டு சேர்ந்தால் 12 ஓம். சிப்பின் டிரைவர் (அனுப்பும் பகுதி) 54 ஓமுக்கு அளவெடுத்தது. ஜம்பர் வையுங்கள், கேபிளின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும் போடுங்கள். டிரைவர் எனேபிள் பின்னுக்கு (டிரைவரை இயக்கும் பின்) புல்-டவுன் (சும்மா இருக்கும்போது கிரவுண்டுக்கு இழுத்து வைக்கும் ரெசிஸ்டர்) கட்டாயம். இல்லையென்றால் மாட்யூல் பூட் ஆகி முடியும்வரை உங்கள் போர்டு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் பேச விடாது. அந்தப் பின்னை அப்ளிகேஷன் புரோகிராமிலிருந்து ஆட்டாதீர்கள், லினக்ஸ் கெர்னலில் ஆர்எஸ்-485 மோடு இருக்கிறது. ஸ்மார்க் 2.0 (மாட்யூல் ஸ்டாண்டர்டு ஒன்று) மாட்யூலின் சீரியல் பின்கள் 1.8 வோல்ட், 5 வோல்ட் மேக்ஸ்485 டிரான்ஸீவரை நேராக இணைத்துவிட்டு மாட்யூலைக் குறை சொல்லாதீர்கள். மாட்யூலுக்கு முன்னால் டிரான்ஸீவருக்குப் பவர் வந்தால் ரிசீவ் பின் வழியாகக் கரண்ட் பின்பக்கமாக ஏறும், அதனால் அந்தச் சப்ளையை மாட்யூல் தரும் கேரியர் பவர்-ஆன் சிக்னலால் கட்டுப்படுத்துங்கள். சர்ஜ் பாதுகாப்புக்கு எஸ்எம்712 டயோடு. −7, +12க்கென்றே செய்தது.

தயவுசெய்து, பூட் கன்சோல் யூஆர்ட்டை (பூட் செய்திகள் வெளிவரும் சீரியல் போர்ட்) ஆர்எஸ்-485க்குக் கொடுத்துவிடாதீர்கள். பூட் ஆகும்போது யூ-பூட் (லினக்ஸை ஏற்றும் புரோகிராம்) தன் கதையையெல்லாம் பஸ்ஸில் கொட்டும். அது மட்டுமா? ஆட்டோபூட்டை நிறுத்த ஏதாவது ஒரு கீயை அழுத்தச் சொல்லிக் காத்திருக்கும் அந்த நேரத்தில் லைனில் ஒரு எழுத்து வந்தாலும் பூட் அங்கேயே நின்றுவிடும். ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு போர்டு எழுந்திருக்கவில்லை என்று போன் வரும். கன்சோலைத் தனி ஹெடரில் வையுங்கள், ரிசீவ் லைனுக்குப் புல்-அப் போடுங்கள்.

ஏ, பி குழப்பம் வேறு. பல சிப்களில் ஏ என்பது ஸ்டாண்டர்டில் பி. எழுத்தை நம்பாதீர்கள், யாரும் பேசாதபோது எது பாசிட்டிவ் என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, போர்டில் கூட்டல், கழித்தல் குறியாகவே பிரின்ட் செய்யுங்கள்.

ஏற்கெனவே இரண்டு பின்னோடு போர்டுகள் வெளியே போய்விட்டனவா? ஐசோலேட் செய்யாத போர்டு என்றால், கேபிளில் மிச்சமிருக்கும் கம்பி ஒன்றை எடுத்து, போர்டின் பவர் கனெக்டரில் உள்ள நெகட்டிவோடு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சேருங்கள். மறுமுனை எனர்ஜி மீட்டரின் காமன் டெர்மினலுக்கு. அடுத்த ரிவிஷனில் மூன்று பின் கனெக்டர் போட்டுவிடுங்கள்.